புதுமண ஜோடிகளைச் சேர்த்தே பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

கல்யாணமான ஒரு பெண்ணை நம் சுகாதாரத் துறை பெரும்பாலும் முதன்முதலில் கவனிப்பது அவர் கருவுற்ற பிறகுதான். கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிவார், கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண் வரும், எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். கூட வந்த கணவர் வெளியே நிற்பார். அவரை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. சில வருடங்கள் கழித்து ஏதோ ஒரு முகாமில் அவர் கையை நீட்டும்போதுதான் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பது தெரியவரும். இந்த இரண்டுக்கும் முன்னால், இருவரும் ஜோடி சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வருடங்களில்தான் அவர்களுடைய சாப்பாட்டு நேரம், தூக்கம், நடை எல்லாமே மாறுகின்றன. அந்தச் சமயத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச நம்மிடம் ஓர் ஏற்பாடும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இருபதுகளில் இருக்கும் பெண்கள். கர்ப்பகாலச் சர்க்கரை, நீர்க்கட்டி, குழந்தை தள்ளிப்போவது, இப்படி ஏதாவது ஒரு காரணத்துக்காக மகப்பேறு மருத்துவர் அனுப்பியிருப்பார். எடை எப்போது கூடியது என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒல்லியாத்தான் மேடம் இருந்தேன். அப்புறம்தான் இப்படி ஆயிடுச்சு." அந்த 'அப்புறம்' என்ன நடந்தது என்று யாரும் அவர்களிடம் பொறுமையாகக் கேட்டதில்லை. எடையைக் குறைங்க என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதுவும் மனைவியிடம் மட்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொன்ன கணக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் இவை 30.9, 28.2 ஆக இருந்தன. அதே ஐந்தாம் சுற்றில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகையும் இருந்தது. உடம்பு பெருக்கிறது, ரத்தம் ஊறவில்லை. பிறகு அந்த ஆய்வில் இருந்த 52,000-க்கும் மேற்பட்ட தம்பதிகளின் விவரங்களை எடுத்து, கணவன் மனைவி இருவரையும் ஜோடியாகவே வைத்து இந்திய ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். நாடு முழுவதும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஜோடிகளில் இருவருமே எடை கூடியவர்கள். தமிழ்நாட்டில் 100 ஜோடிகளுக்கு 40-க்கும் மேல். முப்பது வயதுக்கு உட்பட்ட ஜோடிகளை மட்டும் எடுத்தாலும் நம் மாநிலம் முன்வரிசையில்தான் இருக்கிறது.

ஒரே மாதிரி வசதியும் ஒரே மாதிரி சாப்பாடும் உள்ள குடும்பங்கள் சம்பந்தம் வைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் போதாது. ஜோடி சேர்வதற்கு முன்பிருந்தே ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் பென்னி கார்டன்-லார்சன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. பள்ளிப் பருவத்திலிருந்து பின்தொடரப்பட்ட ஏறத்தாழ 7,000 இளைஞர்களின் விவரங்களை அவர்கள் அலசினார்கள். காதலித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிடக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு உடல்பருமன் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல், ஆண் பெண் இருவருக்கும். இரண்டு வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்த ஜோடிகளில்தான் இருவருமே பருமனாகவும் இருவருமே உடலை அசைக்காதவர்களாகவும் இருப்பது அதிகம் என்றும் கண்டார்கள்.

2013-ல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆண்ட்ரியா மெல்ட்சரும் அவருடைய குழுவும் 169 புதுமணத் தம்பதிகளை நான்கு வருடங்கள் விடாமல் பின்தொடர்ந்து எடை பார்த்தார்கள். மண வாழ்க்கையில் திருப்தியாக இருந்தவர்களுக்குத்தான் எடை கூடுதலாக ஏறியிருந்தது. இனி ஒருவரை ஈர்க்க வேண்டிய தேவை இல்லை என்ற நிம்மதி வந்ததும் உடம்பின் மேல் இருந்த கவனம் தளர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதை நம் துறை மனதில் வைக்க வேண்டும். என் முன்னால் வந்து உட்காரும் பல பெண்கள் எடை ஏறியதை ஏதோ குற்றம் செய்த மாதிரி சொல்கிறார்கள். அவர்களில் பலர் உண்மையில் சந்தோஷமாக வாழ்கிறவர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காமல் பழக்கத்தை மட்டும் தொட வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேரும் ஒன்றாக வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பல கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்பே பெண் பட்டினி கிடக்க ஆரம்பிக்கிறார். ஜாக்கெட் அளவுக்காகவும் போட்டோவுக்காகவும் சோற்றையே விடுகிறார். மாப்பிள்ளை ஜிம்மில் சேர்கிறார். கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டும் நின்றுவிடுகின்றன. அப்புறம் விருந்து. மறுவீடு, சித்தப்பா வீடு, அத்தை வீடு, தலைதீபாவளி, தலைப்பொங்கல். ஒவ்வொரு வீட்டிலும் கூல்டிரிங்க்ஸ், பாயசம், "இன்னும் ஒண்ணு வச்சுக்கோங்க மாப்ளே". வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் சேர்க்கும் சர்க்கரை வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. விருந்துக்குப் போகும் ஜோடிக்கு அது முதல் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

விருந்துகூட மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஓயாதது சுற்றியிருப்பவர்களின் பேச்சு. மாப்பிள்ளை ஒல்லியாகவே இருந்தால், "என்னப்பா, உன் பொண்டாட்டி சோறு போடுறாளா இல்லையா?" பெண் கொஞ்சம் சதை போட்டால், "புருஷன் வீட்டுல நல்லா வச்சிருக்காங்க போல, பூசினாப்ல இருக்கா." மருமகள் நன்றாகக் கவனிக்கிறாள் என்பதற்கு மகனுடைய தொப்பை சாட்சியாகிறது. இரண்டு வருடம் கழித்து அதே வாய்களே, "இவ்வளவு குண்டா இருந்தா குழந்தை எப்படித் தங்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கின்றன. இந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆத்திரம் வருகிறது. கேட்டுக்கொண்டே வாழ்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

பெண்ணுக்கு இன்னொன்றும் நடக்கிறது. பிளஸ் ஒன் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர், கல்லூரியில் கபடி ஆடியவர், பஸ் நிறுத்தத்துக்குத் தினமும் நடந்தவர், கல்யாணமான பிறகு தெருவில் தனியாக வாக்கிங் போக முடியாதவராகிறார். புதுப் பெண் காலையில் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு நடந்தால் பக்கத்து வீட்டில் பேச்சு கிளம்பும். எங்கே போவதானாலும் கணவரின் பைக் பின்சீட். கணவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நின்றுவிடுகிறது. "கல்யாணம் ஆகியும் பசங்களோட என்ன ஆட்டம்?" என்று கேட்பார்கள். மாலை நேரம் முழுக்கச் சோபா, போன், ஆர்டர் போட்ட பிரியாணி.

என்னிடம் வந்த ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார், ஐந்தாம் மாதம், சர்க்கரை ஏறியிருந்தது. கணவர் ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்குப் போகிறவர். தான் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வர அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். காலை, மதியம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு டீ, நாலைந்து பிஸ்கட், முறுக்கு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரவு 10.45-க்குச் சோறு, அதோடு "அவர் வாங்கிட்டு வந்தது" என்று எழுதியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் அந்த வரி இருந்தது. என்னம்மா அது என்றேன். பரோட்டா, சால்னா, சில நாள் சிக்கன் ரைஸ். அம்மா வீட்டில் இருந்தவரை எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுவாராம். இப்போது அவர் வராமல் எப்படிச் சாப்பிடுவது என்றார்.

கணவர் கீழே பைக்கில் உட்கார்ந்திருந்தார். மேலே கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காகப் பசியோட காத்துக்கிட்டு இருப்பாளேன்னுதான் மேடம் வாங்கிட்டுப் போறேன். வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார். அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஆசையா வாங்கிட்டு வர்றீங்களேன்னுதான் நான் சாப்பிடுறேன்" என்றார். ஒன்றரை வருடமாக இருவரும் ஒருவருக்காக ஒருவர் செய்துகொண்டிருந்த காரியம் அது. அன்றைக்கே பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பெண் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிடுவார். கணவருக்கும் எட்டரை மணிக்குச் சாப்பிட டிபன் பாக்ஸ் போகும். அவர் வந்ததும் இருவரும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். கையோடு அவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தோம். முப்பது வயதுகூட ஆகாதவருக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசி அனுப்பியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

சேர்த்துப் பேசினால் பலன் உண்டு என்பதற்கு என் அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 3,722 ஜோடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-ல் வந்தது. மனைவி தொடர்ந்து புகைத்துக்கொண்டிருந்தால் கணவர் புகையை விட்டது 8 சதவீதம் மட்டும். மனைவியும் கூடவே விட்டபோது 48 சதவீதம். உடற்பயிற்சியிலும் எடைக் குறைப்பிலும் இதே போக்குதான். அவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பழக்கம் இறுகிப்போன வயதிலேயே இது நடக்கும் என்றால், இருபத்தைந்தில் இன்னும் சுலபமாக நடக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் 130 ஜோடிகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எடைக் குறைப்பு உதவி கொடுத்தார்கள். எந்த உதவியும் பெறாத துணைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்தில் 3 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்திருந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்காக மாறிய சமையல் மற்றவரின் தட்டிலும் விழும், அவ்வளவுதான் விஷயம்.

நம்மிடம் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். மாமனாருக்கு மாத்திரை கொடுக்கப் போகும்போதே, "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்களேன்" என்று அந்த ஜோடியைக் கூப்பிட்டால் போதும். ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை நாளில் கணவர் வரமாட்டார், மாமியாரோடு மனைவி மட்டும் வருவார். வந்த இருவருக்கும் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்கலாம். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பி.எம்.ஐ.) 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம், இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பதைச் சொல்லலாம். அப்புறம் அரை மணி நேரம் உட்கார வைத்து, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், இருவரும் சேர்ந்து நடக்க முடியுமா என்று கேட்கலாம். இதற்குப் புதிய கருவியோ கட்டடமோ தேவையில்லை. அந்த அரை மணி நேரத்துக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்த அறையில் யாரும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கக் கூடாது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அந்தப் பெண் போகிற இடமெல்லாம் கேட்கும் கேள்வி அது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதையே கேட்டால் இரண்டாவது தடவை வரமாட்டார். குழந்தை எப்போது வேண்டும், வேண்டுமா என்பது அவர்கள் இருவரின் முடிவு. எடை பற்றிப் பேசும்போதும் கேலி வேண்டாம். குண்டான தம்பதியின் கார்ட்டூன் போட்ட விழிப்புணர்வுச் சுவரொட்டியும் வேண்டாம். உடம்பைச் சொல்லி மனைவியை மட்டம் தட்டும் கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களின் கையில் துறையே ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சில நிமிடம் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெண் கருவுற்றுப் பதிவு செய்யும் நாளில் கணவரையும் உள்ளே கூப்பிட்டு எடையும் அழுத்தமும் பாருங்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்று நம்முடையது. அந்தப் பரிசோதனையில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் மனைவிக்கு உணவுப் பட்டியல் கொடுக்கிறோம். வீட்டுக்குக் காய்கறியும் மளிகையும் பார்சலும் வாங்கி வருவது பல வீடுகளில் கணவர்தான். அந்தப் பட்டியல் அவர் கையில் போய்ச் சேருவதில்லை.

கல்யாணம் ஆகாத ஜோடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை உங்கள் துறையிடம் போய்ச் சொல்கிறாரே என்று தோன்றலாம். ஆனால் இதுவும் ஆரோக்கியம் சம்பந்தப்பட்டதுதான். நம் ஊர்களில் காதலிக்கும் இளைஞர்கள் சந்தித்துக்கொள்ள எங்கே போவார்கள்? பூங்காவில் உட்கார்ந்தால் காவலாளி விரட்டுகிறார். ஆற்றோரம் நடந்தால் யாராவது நிறுத்தி ஊர் பேர் விசாரிக்கிறார்கள், போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். காசு கொடுத்து எதையாவது வாங்கிச் சாப்பிடும் இடத்தில் மட்டும்தான் அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. பேக்கரி, ஜூஸ் கடை, ஐஸ்கிரீம் பார்லர், தியேட்டர், மால். இரண்டு மணி நேரம் பேச வேண்டுமென்றால் இரண்டு தடவை ஆர்டர் செய்தாக வேண்டும். இருபது வயதில் அன்பும் கிரீம் கேக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகும் சந்தோஷம் என்றால் வெளியே போய்ச் சாப்பிடுவது என்றே ஆகிவிடுகிறது. சேர்ந்து நடப்பது அவர்களுக்குப் பழக்கப்படவே இல்லை, ஏனென்றால் சேர்ந்து நடக்க நாம் விடவில்லை.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை உங்கள் துறைதான் தொடங்கியது. நல்ல காரியம். அங்கே நான் பார்ப்பது பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை, மருத்துவர் சொல்லி நடக்க வந்தவர்களை. அந்தப் பாதைகளில் மாலையிலும் இரவு ஒன்பது மணி வரையிலும் வெளிச்சம் இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பிய ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் உறவு என்ன என்று யாரும் கேட்கக் கூடாது என்று நகராட்சி நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் நீங்கள் எழுதுங்கள். உங்களிடமிருந்து போனால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

கல்லூரி முகாம்களிலும் இதைப் பேச இடம் வேண்டும். இப்போது அங்கே ரத்த வகை பார்க்கிறார்கள், போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். காதல் முறிந்த பிறகு சாப்பாட்டையே விட்டு மெலிந்துபோகிற பெண்ணுக்கும், நண்பர்கள் ஆறுதலுக்கு ஊற்றிக்கொடுத்ததில் குடிக்கப் பழகிய பையனுக்கும் அங்கே பேச ஆள் இல்லை. காதலையே பேசக் கூடாத விஷயமாக வைத்திருக்கும் கல்லூரியிடம் அந்தப் பிள்ளைகள் எப்படி வாயைத் திறப்பார்கள்? வெளியிலிருந்து வரும் உங்கள் ஆலோசகரிடம் திறக்கலாம்.

முழு மாநிலத்துக்கும் உடனே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தில், சில ஆரம்ப சுகாதார நிலையங்களில், கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் இருக்கும் ஜோடிகளுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். இருவரின் எடையையும் முதல் நாளில் குறித்துவைத்து, ஒரு வருடம் கழித்து மறுபடியும் பாருங்கள். பலன் தெரிந்தால் விரிவாக்கலாம், தெரியாவிட்டால் ஏன் என்று பார்க்கலாம். திருச்சி மாவட்டத்தில் தொடங்குவதாக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் வந்து உட்கார நான் தயார். என் தொழிலில் இருக்கும் தோழிகள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தை பிறந்ததும் மண்டபங்கள் நிரம்பிவிடும். அந்த முகூர்த்தங்களில் மாலை மாற்றும் ஜோடிகளையாவது நாம் முதலில் கூப்பிடுவோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி